காட்டுங்க பாப்பம்

கண்டிக்குப் பக்கத்துத் திகனயில் நான் அறை எடுத்துத் தங்கியிருந்த வீட்டுக்காரியைத் தாத்தா என்று கூப்பிடுவேன். அங்குள்ள முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்கு அதுதான் பேர். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் ஒருமுறை போனில், "எங்க தாத்தா கல்யாணக் கேக் செய்வாங்க, அவங்களே கார் ஓட்டிக் கொண்டுபோய்க் குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வயது என்ன, கண் பார்வை எப்படி என்று அவன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

ஆள் குள்ளம். டிரைவர் சீட்டில் ஒரு தலையணையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தால்தான் அவருக்கு ரோடு தெரியும். கார் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய ஜப்பான் செடான். எதிரே நின்று பார்த்தால் ஸ்டீயரிங்குக்கு மேலே ஒரு முக்காடும் இரண்டு கண்ணும் மட்டும் வரும். திகனச் சந்தியில் பஸ்காரர்களே வழி விடுவார்கள். அது மரியாதையில்லை, பயம் என்று நான் சீண்டுவேன். "என்னத்துல விட்டா என்ன புள்ள, விடுறாங்கதானே" என்பார்.

அவர் வாயில் எந்நேரமும் இருந்த சொல் ஒன்றுதான். காட்டுங்க பாப்பம். மீன்காரர் "இன்டைக்கு வந்த மீன் தாத்தா" என்றால், செவுளைத் திறந்து காட்ட வேண்டும். தையல்காரி உடுப்பை நீட்டினால் உட்புறத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். கல்யாண மண்டபத்தில் ஏசி வேலை செய்கிறது என்று மேனேஜர் போனில் சொன்னால் அது காதில் ஏறாது. முதல்நாளே போய் அதன் கீழே நின்று முகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் ஐசிங்கில் கை வைப்பார். நான் அறை கேட்டுப் போன அன்று, கார்மென்ட் பாக்டரியில் கணக்குப் பிரிவில் வேலை என்றேன். வேலைக் கார்டைக் காட்டச் சொன்னார். சமையல் தெரியும், உங்களுக்குத் தொந்தரவு தரமாட்டேன் என்றேன். அதையும் காட்டச் சொன்னார். வாடகைக்கு அறை கேட்க வந்தவள் முன்பின் தெரியாத குசினியில் நின்று தேங்காய் துருவி சம்பல் அரைத்த கதை எங்கள் பன்விலத் தேயிலைத் தோட்டத்தில் இன்றைக்கும் ஓடுகிறது.

சந்தேகக்காரி என்று தெருவில் பேர். எனக்கே பலதடவை எரிச்சல் வந்திருக்கிறது. என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம், நல்ல பையன் என்றேன். உடனே "ஆள காட்டுங்க பாப்பம்." அந்தப் பையன் மாத்தளையில் இருந்து பஸ் ஏறி வந்து, தாத்தாவின் முன்னறைக் கதிரையில் அமர்ந்து, இரண்டு துண்டு பட்டர் கேக் சாப்பிட்டு, எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டுப் போனான். எங்கள் அப்பா அம்மா கேட்காததையெல்லாம் இவர் கேட்டார். கடைசியில், "சரி, கேக் என்ட பொறுப்பு" என்றார். அதுதான் சம்மதம்.

அவர் கணவரை நான் நானா என்பேன், அண்ணன் மாதிரி. அமைதியான மனுசர். கேக்குக்கு முட்டை அடிப்பதும் டிக்கியைக் கழுவி வைப்பதும் அவர் வேலை. ஒருநாள் காலையில் நெஞ்சு எரிகிறது என்றார். பின்னேரம் வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தோம்.

தாத்தா இத்தாவில் அமர்ந்தார். கணவரை இழந்த பெண் நாலு மாதத்துக்கு மேல் வீட்டு வாசலைத் தாண்டாமல் இருக்கும் காலம் அது. வெள்ளை உடுத்தி, வெளி ஆண்கள் கண்ணில் படாமல், ஒரு நாள்கூடப் பிசகாமல் இருந்தார். கடைக்குப் போக நான். சின்னக் கேக்குகளைத் த்ரீவீல் ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுக்கவும் நான். ஒன்று பொலிஸ்காரர் மகளின் பிறந்தநாள் கேக். அது போய்ச் சேர்ந்தபோது ஒருபக்கம் சாய்ந்து, மேலே இருந்த சீனிப் பொம்மை என் மடியில் கிடந்தது. கல்யாண ஓடர்கள் நின்றுபோயின.

ஆனால் காலையில் சுபஹ் தொழுதுவிட்டு, போர்ட்டிகோவில் நிற்கும் காரில் ஏறி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவார். வீட்டு எல்லைக்குள்தானே நிற்கிறது. வெள்ளை முக்காட்டோடு தலையணைமேல் உட்கார்ந்து, எங்கும் போகாத காரின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். பேட்டரி செத்துப்போகும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். நான் குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன். பாவமாக இருக்கும். கூப்பிட மாட்டேன்.

இத்தா முடிந்து முதன்முதலாகக் காரை எடுத்தபோது, நானும் கூட இருந்தேன். கேட்டைத் தாண்டியதும் கீழே தடதடவென்று ஒரு அடி. கார் குதித்துக் குதித்துப் போனது. ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தார். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் பாரம் தாங்கி நின்றதில் டயர்கள் அடிப்பக்கம் தட்டையாகிப் போயிருந்தன. பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள். ஏற்கெனவே வயதான டயர்கள்தான், நின்ற நிலையில் முடிந்துபோயின. தாத்தா ரோட்டோரத்தில் குந்தி அவற்றைத் தடவினார். "நாள் தவறாம எஞ்சினப் பாத்த. காலப் பாக்கல்ல. ரெண்டடி முன்னுக்கும் பின்னுக்கும் உருட்டி வெச்சிருந்தா போதும். என்ட பிழை புள்ள" என்றார். பிழை என்றால் அதைப் பெருங்குரலில் சொல்வது அவர் வழக்கம், எதிர்வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நானாவின் தம்பியை ஊரே ஹாஜியார் என்று கூப்பிடும். திகனயில் ஹார்ட்வெயார் கடை. நல்லவர், ஆனால் நல்லது எது என்பதைத் தானே தீர்மானித்துவிட்டுத்தான் நம்மிடம் வந்து சொல்வார். தாத்தாவுக்குப் பிள்ளைகள் இல்லை. கார் நானாவின் பேரில் இருந்தது. மார்க்கப்படி அதில் தாத்தாவுக்குச் சிறு பங்குதான், பெரும் பங்கு ஹாஜியாருக்கு. அந்தப் பங்கில் அவருக்கு ஆசை கிடையாது. தாத்தா காரை விட்டுவிட்டு, கேக் வேலையையும் விட்டுவிட்டு, தன் வீட்டுப் பின்னறையில் வந்து நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. குண்டசாலையில் காரை வாங்குவதற்கு ஆளும் பார்த்து வைத்திருந்தார். அண்ணன் மனைவியை அவர் மச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"மச்சி, நான் ஒங்களுக்குக் கெட்டது செல்லுவனா? நானாவும் இல்ல. தனிய ஒரு பொம்புள, பழைய கார், மலைப்பாத. ஏதும் நடந்தா ஊர் என்னயத்தான் கேக்கும்."

"ஊர் கேட்டா என்னட்ட அனுப்புங்க மச்சான்."

"டயர் கூட முடிஞ்சிருக்கி. இனி என்னத்துக்கு?"

"டயர் முடிஞ்சா டயர மாத்துற. கார விக்கிறதா?"

அடுத்த நாளே ஹாஜியார் தன் காரில் வந்தார். அண்ணன் தம்பி இருவரும் ஒரே காலத்தில் ஒரே மாடலை வாங்கியவர்கள், இவருடையது வெள்ளை. டிக்கியிலிருந்தும் பின்சீட்டிலிருந்தும் நான்கு டயர்களை இறக்கினார். ஜப்பானில் பாவித்துக் கழித்த டயர்கள். ஒரு சிநேகிதரின் பழைய வாகன யார்டில் சொல்லி எடுத்தாராம். மனம் கேட்காமல்தான் கொண்டுவந்திருந்தார், அதைச் சொல்ல வேண்டும். "ஓட்டத்தான் போறீங்கண்டா இத போடுங்க. வெட்டப் பாருங்க, எவ்வளவு ஆழம்! புதுசு தோத்துரும்."

உண்மையில் அழகாகத்தான் இருந்தன. தெருவில் போனவர்கள்கூட நின்று வெட்டுப் பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள். தாத்தா டயரை நிமிர்த்தி மெதுவாக உருட்டினார். பக்கவாட்டில் ஜப்பான் எழுத்துகளுக்கு நடுவே ஒரு சின்னம். மலை மாதிரி ஒரு கோடு, உள்ளே ஒரு பூ.

"இது என்ன பூ மச்சான்?"

"கம்பனி மார்க் மச்சி."

"புள்ள, போன்ல தேடிக் காட்டுங்க பாப்பம்."

தேடினேன். பூ இல்லை, ஸ்னோ. ஐஸ் மூடிக்கிடக்கும் ரோட்டுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்த டயர் அது. வெயில் நாட்டில் சீக்கிரம் தேயும், நனைந்த தார் ரோட்டில் பிரேக் பிடித்தால் நிற்கத் தாமதிக்கும் என்று போட்டிருந்தது. நான் உரக்க வாசித்தேன். இன்னும் கொஞ்சம் மெதுவாக வாசித்திருக்கலாம், தெருவில் ஆட்கள் நின்றார்கள்.

தாத்தா சிரிக்கவில்லை. "கண்டியில ஸ்னோ விழட்டும் மச்சான், அண்டைக்கு இத போடுற" என்றார். சுற்றி நின்றவர்கள்தான் சிரித்தார்கள். ஹாஜியாரின் முகம் சிவந்துவிட்டது.

"ஆசையாக் கொண்டுவந்து தந்தா, பாக்கிறது பூவ! ஊர்ல எத்தன பேர் இத போட்டு ஓடுறாங்க! சரி. நான் செல்றதக் கேளுங்க. இந்தப் புள்ளட தங்கச்சி கல்யாணத்துக்கு பன்விலக்கிக் கேக் கொண்டுபோறீங்கதானே? நான் பின்னாலயே வருவேன். ஒரு சின்னப் பிசகு நடந்தாலும், வாங்குறவருக்கு அண்டைக்கே சரி செல்லிருவேன். அவர அண்டைக்கி பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு போன் பண்ணச் செல்லி ஈக்கி."

"பிசகு நடக்காட்டி?"

"பாப்பம்."

"பாப்பம் இல்ல மச்சான். நடக்காட்டி கார் என்னோட."

ஹாஜியார் என்னைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், பிறகு தலையசைத்தார். அந்த டயர்களை வீணாக்க மனமில்லாமல் தன் வெள்ளைக் காருக்கே மாட்டிக்கொண்டார். வீம்பும் கொஞ்சம் இருந்தது.

கண்டி டவுனில், கட்டுகஸ்தோட்டை ரோட்டில் இருந்த டயர் கடைக்கு தாத்தாவும் நானும் போனோம். வழிநெடுக, தென்னேகும்புர பாலத்திலும், கார் குதித்தபடியே ஊர்ந்தது, பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தே களைத்துப்போனார்கள். கடை முதலாளி சிங்களவர், வெற்றிலை போட்ட வாயோடு சிரித்த முகம். எங்கள் பின்னால் ஆண்கள் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "மஹத்தயா வரல்லையா?" என்று கேட்டார்.

"மஹத்தயா இல்ல. நான் ஈக்கி. டயர காட்டுங்க பாப்பம்" என்று தாத்தா சிங்களத்தில் சொன்னார்.

முதலாளி ஒவ்வொன்றாக உருட்டி வந்தார். இது சத்தமே வராது, மெத்தை. இது கல்லு மாதிரி, வருசக்கணக்கில் தேயாது. இது எல்லாக் காலத்துக்கும் உரியது. தாத்தா மூன்றாவதில் நின்றார்.

"எல்லாக் காலமுமெண்டா நம்மட ஊர்ல என்ன காலம்?"

"மழ நோனா. பிறகு வெயில். பிறகு மழ" என்று அவர் சிரித்தார். நோனா என்றால் சிங்களத்தில் அம்மா, மரியாதைச் சொல்.

"அப்ப மழையக் காட்டுங்க."

முதலாளிக்கு விளங்கவில்லை. தாத்தா டயரின் நடுவில் நீளவாக்கில் ஓடிய பள்ளங்களைத் தொட்டார். தண்ணீர் எங்கே விழுந்து எந்த வழியால் வெளியே போகும் என்று விரலால் காட்டச் சொன்னார். அவர் காட்டினார். பிறகு கல்லு மாதிரி டயரிலும் காட்டச் சொன்னார். அதில் வழிகள் குறைவு. மூன்றாவதன் ரப்பரை, அடுப்பில் இருந்து எடுத்த கேக்கை அமத்திப் பார்ப்பதுபோல் கட்டைவிரலால் அமத்தினார். "இதுதான்" என்றார்.

"அப்ப முன்னுக்கு ரெண்டு போடுவோம் நோனா. இந்தக் கார முன்சில்லுதான் இழுக்குது. பின்னுக்குப் பழச போதும், எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

"கேக் டிக்கியில ஈக்கி. டிக்கிக்குக் கீழ எந்த சில்லு?"

"பின்சில்லு."

"வளைவுல பின்பக்கம் வழுக்கினா கல்யாணத்துல என்னத்த வெட்டுற? நாலும் புதுசு."

விலை கூடத்தான். தாத்தா அசையவில்லை. நான்கையும் மாட்டி முடித்தபின் சுற்றிவந்து, ஒவ்வொரு டயரிலும் செய்த வருசம் குறித்திருக்கும் சின்ன எண்ணைக் குனிந்து வாசித்தார். ஒன்று மட்டும் மற்றதைவிடப் பழையது. ஸ்டோரில் பின்வரிசையில் கிடந்தது தவறி வந்திருக்கிறது. மாற்றச் சொன்னார். முதலாளியின் சிரிப்பு முதல்தடவையாகக் காணாமல் போனது. ஸ்டோர் சாவி வீட்டில் இருக்கிறது, நேரமாகும் என்றார். "நான் இருக்கிற" என்று தாத்தா ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். லுஹர் நேரம் வந்தது. அந்த முதலாளியே தன் ஒபிஸ் அறையைக் காலி பண்ணி, தொழுவதற்கு இடம் கொடுத்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

எனக்குத்தான் பொறுமை போய்விட்டது. "என்னாங்க தாத்தா, ஒரு வருசம் முன்ன பின்ன இருந்தா என்ன ஆயிறப் போகுது? பாவம் அந்த மனுசன். எல்லாரையும் இப்பிடிச் சந்தேகப்பட்டா எப்பிடிங்க?" என்று கேட்டுவிட்டேன்.

தாத்தா கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டார்.

"சந்தேகம் இல்ல புள்ள. அண்டைக்கி ஒங்கட நானாவுக்கு நெஞ்சு எரியுதெண்டு டொக்டரட்ட போனோம். காஸ்தான், ஒண்டும் இல்லெண்டு செல்லிக் குளிச தந்தாரு. ஈசிஜி எடுத்துக் காட்டுங்கண்டு என்ட வாயில வந்திச்சி. ஒங்கட நானா கையப் புடிச்சி அமத்தினாரு, டொக்டர் பெரிய மனுசன், கேக்க வேணாமெண்டு. அவருக்கு வெக்கமாம். நானும் கேக்காம விட்டுட்டேன்." முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தார். "மீனுக்குக் கேட்டேன். துணிக்குக் கேட்டேன். அதுக்குக் கேக்கல்ல. இனி யாரு கையப் புடிச்சாலும் நான் கேப்பேன்."

நானும் ஒரு கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். டயர் வந்தது, மாட்டினார்கள், திரும்பினோம். அதே பாலத்தில் கார் இப்போது சத்தமே இல்லாமல் போனது.

கல்யாணத்தன்று மத்தியானத்திலிருந்தே மழை. பெரிய தட்டு டிக்கியில், நடுத்தட்டு பின்சீட்டில் என் மடியில், சீனிப்பூ வைத்த சின்னத் தட்டு பெட்டியோடு முன்சீட்டில். ஹாஜியார் வெள்ளை வெளேரென்று உடுத்தி, சொன்னபடி வெள்ளைக் காரில் பின்னால் வந்தார். வத்துகாமம் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. தோட்டத்து மண் கரைந்து ரோட்டில் செம்மண் தண்ணீராய் ஓடியது. தாத்தா பிஸ்மி சொல்லி ஒவ்வொரு வளைவையும் நிதானமாக எடுத்தார். எங்கள் பின்னால் ஹாஜியார் ஒட்டிக்கொண்டே வந்தார். ஏதாவது பிசகு நடந்தால் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தாரோ, பயந்து காவலுக்கு வந்தாரோ, இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு வளைவில் எதிரே பஸ் நடுரோட்டில் இறங்கி வந்தது. தாத்தா பிரேக் பிடித்தார். கார் கோடு மாறாமல் நின்றது. என் மடியில் கேக் பெட்டி ஒரு விரல் நகரவில்லை. பின்னால் நீண்ட ஹார்ன் சத்தம். திரும்பிப் பார்த்தேன். வெள்ளைக் கார் எங்கள்மேல் முட்டாமல் இருப்பதற்காக வெட்டித் திருப்பியதில், நிற்காமல் பக்கவாட்டில் வழுக்கி, ஆற அமர ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கித் தேயிலைச் செடிகளில் சாய்ந்து நின்றது. டயர் மட்டும் காரணமா, ஒட்டிக்கொண்டு வந்ததும் காரணமா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

தாத்தா கைபிரேக்கை இழுத்துவிட்டு மழையில் ஓடினார். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றது. ஹாஜியாருக்கு ஒரு கீறல்கூட இல்லை. முழங்கால்வரை சேறு. "கையக் காட்டுங்க. காலக் காட்டுங்க. தலய காட்டுங்க பாப்பம்" என்று தாத்தா அவரை மழையில் நிறுத்தி முழுதும் பார்த்தார். பார்த்து முடித்த பிறகுதான் மூச்சு விட்டார். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த எங்கள் தோட்டத்து ஆட்கள் வந்து, காரைப் பிறகு தூக்கிவிடுகிறோம், நீங்கள் போங்கள் என்றார்கள்.

முன்சீட்டில் சின்னத் தட்டு இருந்தது. தாத்தா பெட்டியைத் தூக்கினார், ஹாஜியார் சேற்றோடு ஏறி உட்கார்ந்தார். பூவைப் பற்றியோ, ஸ்னோவைப் பற்றியோ, பந்தயத்தைப் பற்றியோ தாத்தா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டியை அவர் மடியில் வைத்தார்.

"கேக்கப் புடிங்க மச்சான். ரெண்டு கையாலயும்."

ஹாஜியார் இரண்டு கையாலும் பிடித்தார். கார் கிளம்பி ஏற்றத்தில் ஏறியது. கொஞ்ச தூரம் போனதும் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. அசருக்குப் பிறகான நேரம். காரை வாங்க இருந்த குண்டசாலைக்காரர்தான் என்று மூன்று பேருக்கும் தெரியும். தாத்தா ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடிக்கத் தொடங்கியது.

"ஹாஜியார், நான் எடுத்துக் குடுக்கவாங்க?" என்று பின்னாலிருந்து கேட்டேன்.

"வேணாம் புள்ள" என்றார் அவர், பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. "அவருக்கு வேற கார் கிடைக்கும்."

தாத்தா அடுத்த வளைவுக்கு கியரைக் குறைத்தார்.